பூங்கொடி நிறுத்திவைத்த லோடு

செய்தி வந்தபோது என் முன்னால் ஒருவர் வாயைத் திறந்து படுத்திருந்தார். அவருடைய கடைவாய்ப்பல் குழியில் பல் அடைக்கும் பசையான காம்போசிட்டின் முதல் அடுக்கை வைத்திருந்தேன். நர்ஸ் காதருகே வந்து, "பூங்கொடி டாக்டர் தவறிப் போயிட்டாங்களாமுங்க" என்றார். ஆனாலும் எழவில்லை. பாதியில் எச்சில் பட்டால் அடைப்பு நிற்காது. பூங்கொடியே என்னைத் திட்டியிருப்பாள். முடித்து அனுப்பிவிட்டுத்தான் அழுதேன்.

நாமக்கல்லில் நாங்கள் இருவரும் ஒரே கிளினிக்கில் வேலை பார்த்ததை, அவளை நினைக்கக் கூடியிருக்கும் நீங்கள் அறிவீர்கள். ஒரே வயது, ஒரே உயரம். முகக்கவசம் போட்டால் நோயாளிகளுக்கு யார் யாரென்று தெரியாது.

ஒருமுறை லாரி ஓட்டுநர் ஒருவர், "நாக்பூர் லோடு நிக்குதுங்க, வெரசா உடுங்க" என்று அவசரப்படுத்தினார். குழி முழுவதையும் ஒரே தடவையில் நிரப்பி, அதை இறுக வைக்கும் விளக்கைக் காட்டி அனுப்பிவிட்டேன். காம்போசிட் இறுகும்போது சுருங்கும். மொத்தமாக வைத்தால் பல்லை விட்டு விலகும். தெரிந்தே செய்த தப்பு அது.

நாக்பூர் போய்த் திரும்பியவர் நேராகக் கிளினிக்குக்கு வந்தார். "கடிச்சா உசுரு போவுதுங்க. புடுங்கிப் போட்டிருங்க!"

பூங்கொடி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பல்லு நல்லாத்தான் இருக்குதுங்க. நாங்க அடைச்சதுதான் தப்பு. லோடு ஒரு மணி நேரம் நிக்கட்டுங்க."

என் அடைப்பை முழுவதும் எடுத்தாள். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினாள். குழியின் ஒரு சுவருக்கு ஒரு மெல்லிய அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் விளக்கு. கடைசியில் பல் இடுக்கில் நூலை விட்டாள். 'டக்' என்றது; அடைப்பு பக்கத்துப் பல்லோடு இறுக்கமாகச் சேர்ந்ததற்கு அடையாளம். "இந்தச் சத்தம் கேக்காம யாரையும் எந்திரிக்க உடாதீங்க" என்று என்னிடம் சொன்னாள். என் தப்பைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

துக்க வீட்டுக்கு அந்த ஓட்டுநரும் வந்திருந்தார். "மொதல்ல தப்பா அடைச்சாலும், அந்தம்மாவே ஒத்துக்கிட்டுச் சரி பண்ணுனாங்க. இன்னைக்கும் அந்தப் பல்லுலதான் கரும்பு கடிக்கறனுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"தப்பா அடைச்சது நானுங்க."

அவர் என்னையே பார்த்தார். "அந்தம்மா சொல்லவே இல்லீங்களே?"

"சொல்ல மாட்டாங்க."

பிறகு, "எடது பக்கம் ஒண்ணு கூசுதுங்க. உங்ககிட்டயே வாரனுங்க" என்றார்.

"நேரமாகுமுங்க."

"ஆவட்டுங்க. லோடு நிக்கட்டும்."

பூங்கொடியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.