திறக்க அனுமதி கேட்ட கதவு

பொதுச்சாலையின் குறுக்கே குடியிருப்புச் சங்கம் கதவு போட வேண்டுமானால் முன்அனுமதி பெற வேண்டும்; பெற்றாலும் நடந்து போகிறவரைத் தடுக்கக் கூடாது. அரசுப் பணியில் இருந்தபோது இந்த விதியை எடுத்துக்காட்டிப் பிறருக்குக் கடிதம் எழுதியவன் நான். ஓய்வுபெற்று, டெல்லி துவாரகாவில் எங்கள் சங்கத்துக்குச் செயலாளரானதும், பின்பக்கச் சாலையில் ஒரு கதவைப் போட்டுப் பூட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை.

அப்போது ஓர் உரைக்காகப் பழைய கொரியாவின் சாலைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சாலை நன்றாக இருந்தால் பகைவனும் விரைந்து வருவான் என்று அங்கே அஞ்சினார்களாம். அரசு வேலையாகப் போகும் அதிகாரியிடம் குதிரை பொறித்த உலோக வில்லை இருக்கும். அதில் எத்தனை குதிரையோ, வழியிலுள்ள நிலையங்களில் அத்தனைதான் கிடைக்கும். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு நேரம் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை கொடுத்தேன். காலை ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் கதவு திறக்கும்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த விழுப்புரத்துப் பெண்ணுக்குப் பத்து மணிக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் சமையல் வேலை. இனி மெயின் ரோட்டைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

"இன்னொரு நாள் லேட்டானா வராதேன்னுட்டாங்க சார் அந்த மேடம். கேட்டுல காவலுக்கு நிக்கிற சௌகிதார் பையாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

வார்த்தை சொல்லாமல் கொரிய வில்லையைப் பற்றிச் சொன்னேன்.

"குதிரைக்குத்தானே சார் சீட்டு? நடந்து போனவங்களையுமா நிறுத்தினாங்க?"

"மனு எழுதிக் கொடும்மா, பார்க்கலாம்."

"எனக்கு எங்க எழுத வரும்? நீங்களே எழுதி நீங்களே படிச்சுக்குங்க" என்று சிரித்தாள்.

அப்படித்தான் நடந்தது. மனுவை எழுதியது நான், அவள் கைநாட்டு வைத்ததும் வாங்கி எண் போட்டதும் நான். காவலாளியிடம் இருந்தது போக இன்னொரு சாவி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆனால் செயலாளர் தன் வீட்டு வேலைக்காரிக்குச் சலுகை காட்டினார் என்று நாளை யாராவது குறிப்பெழுதினால்? ஆகவே கதவைத் திறக்கும் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டு, மனுவை உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். பூட்டுவதற்குக் கேட்காதவன், திறப்பதற்கு அனுமதி கேட்டேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தச் சமையல் வேலை போயிற்று. எங்கள் வீட்டு வேலை மட்டும் வாடகைக்குக்கூடக் காணாது என்று நொய்டா பக்கம் போய்விட்டாள். கிளம்பும்போது அட்டையை மறக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "பதில் வந்தா சொல்லுங்க சார்" என்றாள். கேலியா என்று இன்றுவரை தெரியவில்லை. அவளுடைய போன் எண்ணை நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

பதில் இரண்டே வரி. அப்படியொரு கதவுக்கு அனுமதி வழங்கப்படவில்லை; எனவே அதைத் திறக்கும் நேரம் குறித்த கேள்வி எழவில்லை. பூட்டை நானே கழற்றினேன். வழக்கப்படி, கடிதத்தின் மூலையில் பெற்ற தேதியையும் குறித்தேன்: பிப்ரவரி 19.