வெள்ளைச்சாமி தேடிய நல்ல மாதம்

வெள்ளைச்சாமிக்கு நெய்வேலியில் முப்பத்து நாலு வருட சர்வீஸ். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டி, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கி, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டார். நல்ல மனுஷன்தான். ஷிப்டுக்கு ஒரு நாள் பிந்தியது கிடையாது. குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. இந்தியாவைச் சுற்றிப் பார்க்க எந்த மாதம் நல்ல மாதம் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

குடும்பத்தோடு ஊர் சுற்றிவரக் கம்பெனியே டிக்கெட் செலவைக் கொடுக்கும். எல்.டி.சி. என்பார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அன்புமணியும் மலர்விழியும் அதில் அந்தமான் வரைக்கும் போய் வந்தாயிற்று. வெள்ளைச்சாமி வீட்டில் ஒரு தடவையும் யாரும் பெட்டி கட்டவில்லை. இத்தனைக்கும் அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு ஆசை ஒன்றுதான். பனி விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு பிடி கையில் அள்ள வேண்டும்.

அவர் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளாவது சண்டை போட்டுக் காரியத்தை முடித்திருப்பாள்.

"போவோம்ட்டி. போறதுதான் போறோம், டில்லி, ராஜஸ்தான், காசி, காஷ்மீர் எல்லாத்தையும் ஒரே நடையில முடிச்சிரணும். எல்லா ஊரும் நல்லா இருக்கிற மாசமாப் பாக்கேன்" என்று ஒரு நோட்டுப் போட்டார்.

நோட்டு வளர்ந்தது. ஜனவரியில் டில்லியில் மூடுபனி, ரயில் நேரத்துக்கு வராது. மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை. மகள் கல்யாணமாகிப் போன பிறகும் அந்த வரியை அவர் அடிக்கவில்லை. மே மாதம் ராஜஸ்தானில் மனுஷன் நிற்க முடியாது. ஜூலையில் மலைப் பாதையில் மண் சரியும். செப்டம்பரில் அசாமில் வெள்ளம்.

"நாம அசாமுக்குப் போகலயே" என்றாள் பேச்சியம்மாள்.

"வெள்ளம் வந்தா ரயிலையெல்லாம் சுத்தி விடுவான். ஒனக்குத் தெரியாது."

அக்டோபரில் பண்டிகைக் கூட்டம். அதற்குப் பிறகு நம் கடலூருக்கே புயல் வரும், வீட்டை யார் பார்ப்பது. இப்படியே பன்னிரண்டு மாதமும் தீர்ந்துபோயின.

பயணத்துக்கென்று மந்தாரக்குப்பத்தில் வாங்கிய இரண்டு ஸ்வெட்டர் மட்டும் வருஷம் தவறாமல் சித்திரை வெயிலில் கொடியில் காய்ந்தன. மலர்விழி முத்தாண்டிக்குப்பத்துக்காரி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"இன்னாண்ணே, ஸ்வெட்டரு மட்டும் காஷ்மீரு போயிட்டு வந்துட்டுதா? நல்லா கறுத்துப்போயிருக்கே" என்பாள்.

போன கார்த்திகையில் காரியம் முற்றியது. வெள்ளைச்சாமிக்குப் பிப்ரவரி கடைசியோடு ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு எல்.டி.சி.யும் இல்லை, பேச்சியம்மாளுக்குப் பனியும் இல்லை. ஜனவரியில் சிம்லா போகிறோம் என்று மலர்விழி வந்து சொன்ன மறுநாளே, பேச்சியம்மாள் விண்ணப்பத் தாளை அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஜனவரியா? மூடுபனி..."

"மே மாசம் அந்தக் குழிக்குள்ள நின்னீக. ஐப்பசி மழையில முட்டளவு சேத்துல நின்னீக. அதுக்கு நோட்டுப் போட்டீகளா?"

"அது வேலைட்டி."

"வேலைக்குன்னா எல்லா மாசமும் நல்ல மாசம். எனக்குன்னா மட்டும் இந்தியா பூராவும் கெட்டுப்போயிருது."

வாசலில் நின்ற மலர்விழி, "கையெழுத்த போடுங்கண்ணே. நீங்க நோட்ட பாத்துகினு வூட்லயே இருங்க. அக்காவ நாங்க இட்டுகினு போறோம்" என்றாள்.

குடும்பத்து ஆட்கள் தனியாகவும் போகலாம் என்று விதியில் இருக்கிறது. பத்து வருடமாகக் கேன்டீனில் உட்கார்ந்து அதை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவரே அவர்தான். இப்போது இல்லை என்று எப்படிச் சொல்வார்? தானில்லாமல் அவள் எங்கே ரயிலேறப் போகிறாள் என்ற தைரியத்தில் கையெழுத்தைப் போட்டார். அவள் ஏறினாள், இரண்டு ஸ்வெட்டரில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு.

ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம் என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் சிம்லாவிலிருந்து பேச்சியம்மாள் போன் பண்ணினாள்.

"நான் சொன்னேன்ல, லேட்டாகும்னு?"

"ஆச்சு. அதுக்கென்ன. ஏங்க, கைல அள்ளிட்டேன். உப்பு மாதிரி இருக்கு, பாக்கதுக்குள்ள கரைஞ்சு ஓடிருது."

"எத்தன டிகிரி?"

அந்தப் பக்கம் மலர்விழி சிரிப்பதும், யாரோ வழுக்கி விழுவதும், பேச்சியம்மாள் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்துவதும் கேட்டன. போன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் வெள்ளைச்சாமி மிச்சமிருந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனார். முழங்கையில் பூச்சி அரித்த ஓட்டை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை, மரத்தடியில் காற்று சுகமாக வீசியது. வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சிவிட்டு நோட்டைத் திறந்தார். ஜனவரி என்ற பக்கத்தில், டில்லிக்குக் கீழே, 'நெய்வேலி, நன்றாக இருக்கிறது' என்று எழுதினார். காட்டுவதற்கு வீட்டில் ஆளில்லை.