பனியனில் ஆரஞ்சுக் கறை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு சிஐடி என்று பெயர். குப்பி மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், யார் கை வைத்தது என்று குடைந்தெடுப்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் காசநோய்க் கிருமியோடு மாரடிக்கிற இடத்தில் அப்படி ஒருத்தி வேண்டும்தான் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அவளுடைய வேலையே வேவு பார்ப்பது. ரத்தத்திலிருந்து பிரித்த காவல் அணுக்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்குள் கிருமியை விடுவாள். பிறகு எந்த மரபணு வேலை செய்கிறது, எது அடங்கிப்போனது என்று பார்ப்பாள். விழுங்கிய கிருமியைச் செரிக்கவும் துணைக்கு ஆள் கூப்பிடவும் உதவுகிற மரபணுக்கள் பலவும் தணிந்து கிடக்கும். கிருமி தனக்குத் தோதானவற்றை முடுக்கிவிட்டு, விழுங்கியவனுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

"கொன்னுட்டாக்கூடப் பரவாயில்லடி. உயிரோட வச்சுக்கிட்டே வாயை அடைக்குது பாரு, அதான் வயித்தெரிச்சல்" என்பாள்.

கொஞ்ச நாளாக அவள் சந்தேகம் வீட்டுக்காரர் மேல் திரும்பியிருந்தது. அவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. மகளைக் கொஞ்சுவதில்லை. தனியாகப் படுக்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல."

"எவளோ ஒருத்தி இருக்கா" என்று சிஐடி முடிவே கட்டிவிட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் அவருடைய வெள்ளைப் பனியனை என் முன்னால் விரித்தாள். அக்குளிலும் கழுத்திலும் ஆரஞ்சுக் கறை.

"இது என்ன லிப்ஸ்டிக், சொல்லு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்குள்ல போய் யாருடி லிப்ஸ்டிக் ஒட்டுவா?"

அவளும் சிரிக்கப் போனாள். பாதியில் முகம் செத்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காசநோய் மாத்திரை வியர்வையை இந்த நிறமாக்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன? எங்கள் படிப்பைத் தூக்கி உடைப்பில் போட வேண்டும்.

அங்கேயே அவருக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"நீதான் லேப்லேர்ந்து கொண்டுவந்தேன்னு சொல்லி உன் வேலைக்கு வேட்டு வச்சுடுவாங்கன்னு பயந்தேன். டூட்டி முடிஞ்சு ஆஸ்பத்திரியில போய் மாத்திரை போட்டுட்டுதான் வர்றேன். இப்போ இருமல் நின்னுடுச்சு. ஒண்ணுமில்ல" என்றார்.

அழுவாள் என்று நினைத்தேன். குரல்கூட மாறவில்லை.

"எப்போலேர்ந்து இருமல்?"

"ரோட்டுத் தூசின்னு சொன்னேனே, அப்போலேர்ந்துதான்."

எல்லாரையும் சந்தேகப்பட்டவள் அதை மட்டும் அப்படியே நம்பியிருந்தாள்.

"மாத்திரை ஆரம்பிக்கற வரைக்கும் பாப்பா எங்க படுத்துக்கிட்டா?"

"என் நெஞ்சு மேலதான்" என்றார்.

சிஐடி பனியனை அப்படியே போட்டுவிட்டு மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.