மிச்சப் பெயிண்ட்

என் அக்கா வீட்டுக்காரர் பெயிண்டர். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் அவர் கையால் நிறம் கண்டவை. அவர் வீட்டு முன்னறை மட்டும் பல வருடங்களாக வெறும் பிரைமரோடு நிற்கிறது. பிரைமர் என்றால், நிறம் அடிப்பதற்கு முன்னால் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பூச்சு. அந்த அறையில்தான் அக்கா தையல் மெஷின் போட்டிருக்கிறாள். துணி கொடுக்க வருகிறவர்கள் சுவரைப் பார்த்து, இதுவா பெயிண்டர் வீடு என்று சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சிரிப்பாள். அவர்கள் போன பிறகு மெஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள்.

அத்தானுக்கு நான் வைத்த பெயர் அரைடப்பா. வேலை முடிந்த வீடுகளில் அடியில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் அடுக்குவார். ஒரு டப்பாவில் கிடப்பது ஒரு கதவுக்குக்கூடக் காணாது. ஒத்துப்போகும் நிறங்களாகச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்தால்தான் ஓர் அறைக்கு ஆகும். அப்படிக் கலந்த நிறம் ஒரு தடவைதான் வரும். மறுபடி கொண்டுவர அவராலேயே முடியாது.

ஒரு சனிக்கிழமை அந்த வாளி ஒருவழியாக நிறைந்தது. இன்னும் கொஞ்சம் மஞ்சள், இன்னும் ஒரு சொட்டுப் பச்சை என்று அக்கா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் ஊற்றினார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். வெண்ணெயில் இளம்பச்சை கலந்தது போல ஒரு நிறம் வந்தது. அக்கா அன்றைக்கே மெஷினை அடுப்படிக்குத் தள்ளிவிட்டாள். திங்கட்கிழமை அடிப்பதாக ஏற்பாடு.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அன்று ஆராதனையில் போதகர் கொடுப்பதைப் பற்றிப் பேசினார். மிஞ்சியதை ஆண்டவருக்குக் கொடுக்காதீர்கள், பிரியமானதைக் கொடுங்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். சாப்பாட்டு ஞாபகத்தில் நானும் ஆட்டினேன். அத்தானுக்கு மட்டும் குழப்பம் பிடித்துக்கொண்டது. அவரிடம் இருப்பதெல்லாமே மிச்சம்தான். வெளியே வரும்போது என்னை நிறுத்தி, "மிச்சமே ஒருத்தனுக்குப் பிரியமானதா இருந்தா என்ன பண்றது?" என்றார். போதகரிடம் போய்க் கேளுங்கள் என்று நழுவிவிட்டேன்.

அவர் போதகரிடம் போகவில்லை. மாடிக்குப் போனார். அக்கா வீட்டுக்கு நேர் மேலே, மாடியில் ஒரு நர்ஸ் தனியாகக் குடியிருக்கிறாள். படுத்த படுக்கையாகிவிட்ட அவள் அப்பாவை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரவேண்டும். அவருக்கென்று ஒதுக்கிய அறையில் முன்பு இருந்தவர்கள் அடுப்பைக் கவனிக்காமல் விட்டு, சுவர் முழுக்கக் கரி. மாடியை வாடகைக்கு விட்ட சொந்தக்காரர் கையை விரித்துவிட்டார். அக்கா மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போன சமயம், அத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

பாதி வாளி அங்கே, பாதி இங்கே, இரண்டு அறைக்கும் மெல்லிசாக ஒவ்வொரு பூச்சு என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் கரிச் சுவருக்கு முதலில் பிரைமர் பூசாமல் நிறம் அடிக்கக்கூடாது. இது தலை நரைத்த அந்த மனிதருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். கையில் பிரைமர் இல்லை, கடையும் திறந்திருக்கவில்லை, மனசு மாறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. நேராக அடித்துவிட்டார். காயக் காயக் கரி மேலே வந்தது. இன்னொரு பூச்சு பூசினார். அதையும் சுவர் குடித்தது. மூன்றாவது பூச்சில் சுவர் தெளிந்தது, வாளி காலி.

அக்கா திரும்பி வந்தபோது, கழுவிக் கவிழ்த்த வாளி வாசலில் இருந்தது. அவர் நடந்ததைச் சொன்னார். அவள் மெஷினைத் தனியாக இழுத்து முன்னறைக்குக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் பிடிக்கப் போனவரை விடவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. அத்தான் என் வீட்டுக்கு வந்து திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தான் செய்தது நல்லதா கெட்டதா என்று கேட்பார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் ஒருநாள் மாடிக்குப் போய், அந்தப் பெரியவர் படுத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு கோபப்படவும் முடியவில்லை, பாராட்டவும் மனசு வரவில்லை.

ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது நர்ஸ் கீழே இறங்கி வந்தாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் குடுத்தனுப்புனீங்கன்னு அண்ணன் சொன்னாரு, அக்கா."

அத்தான் அப்படி ஒரு பொய் சொல்லியிருப்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அக்கா அதை மறுக்கவில்லை. அப்பாவுக்கு அறை வெளிச்சமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பினாள். பிறகு அத்தானைக் கூப்பிட்டாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்," என்றாள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "குடுக்காமலும் இருந்திருப்பேன். எதுன்னு இனிமே எனக்கே தெரியாது. வாளியோட அதையும்ல தூக்கிட்டுப் போயிட்டீங்க."

பெயிண்டுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் அவர் தயாராகியிருந்தார். இதற்கு அல்ல.

பேச்சு மெல்லத் திரும்பியது. கட்டிலுக்கு அடியில் மறுபடி டப்பாக்கள் சேர ஆரம்பித்தன. இதற்குள் மாடிச் சுவரில், பெரியவர் கண்ணுக்கு நேரே கரி பழையபடி தலைகாட்டியிருந்தது. பரவாயில்லை என்று நர்ஸே சொல்லிவிட்டாள்.

ஓர் அறைக்குச் சேர்ந்ததும் அத்தான் டப்பாக்களை மூடி திறக்காமல் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். "இது உன்னோடது. எதுக்குன்னு நீ சொல்லு."

அக்கா டப்பாக்களைப் பார்த்தாள், முன்னறைச் சுவரைப் பார்த்தாள், கூரையை அண்ணாந்து பார்த்தாள். நான் பொறுக்கமாட்டாமல், முதலில் உன் வீட்டைப் பார் என்றேன். அவளுக்கு என்மேல் எரிச்சல், அவர்மேல் எரிச்சல், போதகர்மேலும் இருந்திருக்கும்.

"எனக்கு மனசே இல்ல," என்றாள். "கொஞ்சங்கூட இல்ல."

மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் தவறித் தவறிப் போயிற்று. திரும்பாமலே சொன்னாள்:

"முதல்ல போய்ப் பிரைமர் வாங்கிட்டு வாங்க."

இந்தச் சுவரில்தான் வருடக்கணக்காகப் பிரைமர் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில்தான் எனக்கு உறைத்தது. அத்தானுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.