வைக்கோல் கேட்ட ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதைச் சபையில் எழுந்து சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுகை முந்திக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சுவிஸில் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் கியான் வீட்டில் பால் வாங்குவேன். கியான் எங்கள் கிராமத்து விவசாயி, வயதானவர். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் வணக்கம் சொன்ன மனிதர் அவர்தான். அவருடைய மனைவி போன இலையுதிர் காலத்தில் புற்றுநோயால் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சுத் துணை மாடுகள்தான். அவற்றில் லூனா என்ற கிழப்பசு, அவர் மனைவி போத்தலில் பால் பருக்கி வளர்த்தது. அதற்கு வீட்டில் தனிச் செல்லம்.

மாசி மாதம் பனி கொட்டியது. அதன்மேல் மழை பெய்து எல்லாம் பாரமாக இறுகிவிட்டது. ஒரு நாள் விடியும் நேரத்தில் கியானின் மாட்டுக்கொட்டில் கூரையோடு சரிந்தது. எனக்குத் தெரியாது. வழக்கம்போலப் பால் போத்தலோடு போய் நின்றேன். மரச்சட்டங்களுக்குக் கீழே செத்த மாடுகளின் கால்கள் தெரிந்தன. பரணில் அடுக்கியிருந்த தீனி எல்லாம் பனியோடு கலந்து நாசமாகிக் கிடந்தது. உயிர் தப்பிய மாடுகளை ஊராட்சியின் பனி அள்ளும் வண்டிகள் நிற்கும் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். லூனாவுக்குப் பின்னங்காலில் அடி.

கியான் அன்று வணக்கம் சொல்லவில்லை. எனக்கு விளங்கட்டும் என்று ஜெர்மனில் மெதுவாகத்தான் பேசுவார். அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"பால் இல்லை. பாதை திறந்த உடனை லொறி வரும். மிச்ச மாடுகளையும் ஏத்தி விடப்போறன்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. இறைச்சிக்குத்தான்.

"லூனாவையுமோ?"

"ஓம். லூனாவையும்தான்."

சலவை இயந்திரங்கள் ஓடும் சத்தத்தில் வாய்விட்டு அழுதால் யாருக்கும் கேட்காது. அங்கேயே முழங்காலில் நின்றேன். 'ஆண்டவரே, மனைவியை எடுத்தீர், கொட்டிலை எடுத்தீர், இனி அந்த மனிதரிடம் எடுக்க என்ன இருக்கிறது? மாடுகளுக்கு வைக்கோலாவது தாரும்' என்று சண்டை பிடித்தேன். நான் அப்படித்தான் ஜெபிப்பேன். பணிவாகக் கேட்க எனக்கு வராது.

பிறகு ஜெயம் அண்ணைக்கு அழைத்தேன். லுசேர்ண் பக்கம் காய்கறி லொறி ஓட்டுகிறவர், எங்கள் ஜெபக் குழுவில் இருக்கிறார்.

"அண்ணை, மாடுகளுக்கு வைக்கல் வேணும். உங்கட பக்கத்துப் பண்ணையளிலை கேட்டுப் பாருங்கோவன்."

"கேக்கிறன் பிள்ளை. பாதை திறக்கட்டும், நானே கொண்டு வாறன்."

மலைக் கணவாய்ப் பாதை பனியால் மூடியே கிடந்தது. குழுவில் எல்லோரும் வைக்கோலுக்காக ஜெபித்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் கொட்டகைக்குப் போய் லூனாவின் நெற்றியில் கைவைத்துத் தமிழில் ஜெபிப்பேன். கியான் தடுக்கவில்லை. எப்போது போனாலும் மாடுகள் நின்றுகொண்டே இருந்தன. நான் அதைப் பார்த்தேன். ஆனால் யோசிக்கவில்லை.

பாதை திறந்தது. இறைச்சி லொறிக்கு முன்னால் ஜெயம் அண்ணையின் லொறி வந்து சேர்ந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அண்ணை லொறியை மூடியிருந்த படங்கை விலக்கினார். கியான் ஒரு பிடி உருவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஸ்ட்ரோ. மாடு தின்னுறது ஹொய்."

எனக்கு முகம் எரிந்தது. எங்கள் ஊரில் நெல்லு வெட்டிய பின் மிஞ்சுகிற வைக்கோலைத்தான் மாடு தின்னும். இங்கே மாட்டின் தீனி ஹொய் என்கிற காய்ந்த புல். ஸ்ட்ரோ என்கிற கோதுமை வைக்கோலைப் படுக்கையாகத்தான் விரிப்பார்கள். நான் வைக்கல் என்றேன், அண்ணை அதைப் பிழையில்லாமல் ஜெர்மனில் கேட்டு வாங்கி வந்துவிட்டார். பனிக்குவியலில் அப்படியே உட்கார்ந்தேன். நான்தான் மடைச்சி, உமக்குமா தெரியவில்லை என்று ஆண்டவரிடம் கேட்டேன்.

கியான் பக்கத்தில் வந்து நின்றார்.

"தீனி அயலுக்காரர் தந்திட்டினம். ஸ்ட்ரோதான் எங்கையும் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கிலை ஆர் கோதுமை விதைக்கிறது? ஈரச் சீமெந்திலை மாடுகள் படுக்குதில்லை. படுக்காட்டில் காலும் மடியும் பழுதாப்போகும், அனுப்பத்தான் வேணும் எண்டு மாட்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுதான் லொறியை நிப்பாட்டேல்லை."

மூன்று பேருமாக விரித்தோம். முதலில் ஓர் இளம் பசு முன்னங்கால்களை மடித்து, பெரிய மூச்சு விட்டுச் சரிந்து படுத்தது. பிறகு மற்றவை. கடைசியில் லூனா, நொந்த காலை இழுத்துக்கொண்டு. கியான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். ஜெயம் அண்ணை தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

லூனா அதன்பிறகு எழும்பவில்லை. மறுநாள் செத்துப்போனது.

பேர் சொல்லி ஜெபித்த உயிர் அது. ஏன் என்று இன்னும் கேட்கிறேன். பதில் வரவில்லை, வந்ததென்று பொய்ச்சாட்சி சொல்லவும் மாட்டேன். கியான்தான் சொன்னார்: "நிண்டபடி சாக இருந்தவள், மெத்தையிலை படுத்துச் செத்தவள். என்ட மனிசிக்கு இதைச் சொல்ல எனக்கு முகம் இருக்கு."

இறைச்சி லொறியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினார். மற்ற மாடுகள் பிழைத்தன. கோடையில் எங்கள் சபையார் வந்து, இடிந்த கொட்டிலின் மரங்களை அவரோடு சேர்ந்து அப்புறப்படுத்தினார்கள். புதுக் கொட்டில் எழும்பிவிட்டது. லூனா நின்ற பக்கத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார். அவர் சபைக்கு வருகிறாரா என்று சிலர் கேட்கிறீர்கள். இல்லை. ஆனால் புதுக் கொட்டிலில் முதல் பால் கறந்த அன்று, லூனாவுக்குச் சொன்ன ஜெபத்தை அந்த மொழியிலேயே ஒருதரம் சொல்லு என்று என்னைக் கேட்டார். இருவரும் அழுதுகொண்டே நன்றி சொன்னோம்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் ஏதாவது ஒரு கூரை விழுந்திருக்கலாம். சரியான சொல் வரவில்லை என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள். என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மாடுகள் நின்றுகொண்டே இருந்தது ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.