அம்மன் இறங்கிய பேட்டரி

மஸ்கெலியா டவுனில் போன் பழுதுபார்ப்பது என் தொழில். எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்மன் தேருக்கு இந்த வருஷம் ஜெனரேட்டர் வேண்டாம், பாட்டுப் பெட்டிக்கு நானே பேட்டரி கட்டித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பழைய லேப்டாப் செல்களைச் சோதித்துச் சேர்த்து, பச்சை நிறப் பாதுகாப்பு போர்டு ஒன்றும் வைத்தேன். செல்கள் அளவுக்கு மீறிச் சூடானால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். பேட்டரி உள்ளே இருக்கும் அந்தப் பாட்டுப் பெட்டியை நெஞ்சில் கட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பவர் என் கணவர்.

புதுப் பொருளுக்குத் திருஷ்டி கழிக்காமல் விடுவார்களா? கோயில் தலைவர் பாட்டு ஓடும்போதே பெட்டி மூடியைத் திறக்கச் சொல்லி, கற்பூரத் தட்டை உள்ளே நுழைக்காத குறையாகச் சுற்றினார். என் கணவர் மீசையைக் காப்பாற்ற முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். போர்டு தன் வேலையைச் செய்தது. பாட்டு நின்றது.

"ஆத்தா கோவிச்சிட்டா" என்று தலைவர் இன்னும் கற்பூரம் கொளுத்தினார். அது எரிந்து முடிந்து, பனிக்காற்றில் செல்கள் ஆறியதும் பாட்டு தானாக வந்தது. "பாத்தீங்களா!" என்றவர், நன்றி சொல்ல மறுபடியும் தட்டை நீட்டினார். மறுபடியும் நின்றது.

"சூட்டுக்குத்தான் நிக்குதுங்க, தட்ட எடுங்க!" என்று நான் கத்தியது மேளச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை.

ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பச்ச போர்டுதான் கரச்சல் குடுக்குது. அத அறுத்துட்டு நேரா குடுத்தா நிக்காது."

உடனே யாரோ தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்துவிட்டார்கள். போர்டு இல்லாமல் ஒரு செல் தீப்பிடித்தால் மற்றதும் சேர்ந்து எரியும். எரிவது என் புருஷன் நெஞ்சில்.

குறுக்கே போய் நின்றேன். "அறுங்க தலவரே. ஆனா பொட்டிய நீங்க மாட்டிக்கிட்டு நடங்க."

தலைவர் பெட்டியைப் பார்த்தார். தன் பட்டு வேட்டியைப் பார்த்தார். பிறகு கைகூப்பி, "ஆத்தா அந்த போர்டுலதான் எறங்கியிருக்கா. யாரும் கை வைக்கப்படாது" என்று அறிவித்தார்.

"அவளுக்குச் சூடு ஆவாதுங்க" என்றேன் நான், விடாமல். "தட்டத் தூரமா புடிங்க."

தட்டு விலகி, செல்கள் ஆறியதும் பாட்டு வந்தது; அதன் பிறகு கடைசிவரை நிற்கவில்லை.

வீட்டில் பெட்டியைக் கழற்றும்போது, "பயமா இல்லையாங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

"நீ கட்டுனதாச்சே" என்றார்.

நான் மூடியைத் திறந்து, ஒவ்வொரு செல்லையும் மறுபடி சோதிக்க உட்கார்ந்தேன்.