பழவேற்காட்டில் பூநாரை எண்ணிய காலை

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஆரணியில் சென்னை வண்டி ஏறினேன். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு இழை, நெய்து முடிந்திருந்தது. அடுத்த பாவு கைக்கு வர மூன்று நாள் ஆகும் என்று முதலாளி சொல்லிவிட்டதால்தான் கிளம்ப முடிந்தது. நான் முள்ளிப்பட்டில் வீட்டுத்தறி போட்டிருக்கிறேன். வெளியூர் போவது எனக்குக் கூச்சமான காரியம். யாரிடமும் வழி கேட்க வாய் வராது.

“வூட்ல எத்தினி கோழி இருக்குதுன்னு தெரியாது. இவரு பறவ எண்ணப் போறாராம்” என்று என் மனைவி சிரித்தாள். ஆனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிட்டவர் தேசப்பன்.

நாலு வருடத்துக்கு முன் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் என் மனைவியைச் சேர்த்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் தேசப்பனின் மனைவி. அவர் பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிறவர். ஒரு மாதம் இரண்டு பேரும் ஒரே மரத்தடியில் படுத்தோம். எனக்கும் சேர்த்து அவர்தான் வரிசையில் நின்று சோறு வாங்கி வருவார். என் மனைவி வீடு திரும்பினாள். அவர் மனைவி திரும்பவில்லை. அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது போனில் பேசிக்கொள்வோம். அந்த வாரம் பேசியபோது, “ஞாயித்துக்கெழம பறவ எண்றாங்க. நீ வந்தே ஆவணும்” என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஆற்காடு, வாலாஜா, பூந்தமல்லி வழியாகக் கோயம்பேடு போய்ச் சேர பத்தரை ஆனது. டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். நகரப் பேருந்தில் சென்ட்ரல் போய், பத்து ரூபாய் டிக்கெட்டில் பொன்னேரிக்கு மின்சார ரயில் ஏறினேன். மீஞ்சூர் தாண்டும்வரை சன்னலில் கன்டெய்னர் லாரிகள்தான். ரயில் கேட்டில் வரிசை கட்டி நின்றன. எதிரில் காலி மீன் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

“எங்க போறீங்க?”

“பழவேற்காடுங்க.”

“பூநாரை பாக்கவா? ஜல்தியா பாத்துடுங்க. வருஷா வருஷம் அதுங்க தள்ளித் தள்ளிப் போய்க்கினே இருக்குது.”

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேருந்து என்றார்கள். நான் போய் இறங்கியபோது மணி மூன்று. தேசப்பன் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். நான் கை அசைத்தேன். அவர் அசைக்கவில்லை. கிட்டே போய் “வந்துட்டேங்க” என்று சொன்ன பிறகுதான் முகம் மலர்ந்தது.

“வா தறிக்காரரே. எளச்சிட்டியா, குண்டாயிட்டியா?”

அவர் குப்பம் அங்கிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். வீட்டுக்குப் பின்னால் உப்பங்கழி. தண்ணீர் வடியும் நேரத்தில் நடுவில் பெரிய சேற்றுத் திட்டு எழும்புகிறது. அந்தத் திட்டில்தான் மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் வந்து இறங்குமாம். அதற்கும் அப்பால் துறைமுகத்தின் கிரேன்கள் வானத்தில் கை நீட்டி நிற்கின்றன. கழியின் தென்கரையில் செம்மண் கொட்டியிருந்தார்கள். கறுப்புச் சேற்றின்மேல் அந்தச் சிவப்பு, சதை கிழிந்தது போலத் தெரிந்தது. லாரி நிறுத்த இடமாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு லாரிகள் வந்து கொட்டிவிட்டுப் போயின.

“கொட்ற சத்தம் கேக்குதா?” என்றார் தேசப்பன்.

“பாக்கறேங்க.”

“எனக்குக் கேக்க மட்டுந்தான் முடியும்.”

பிறகு சொன்னார். போன முறை எண்ணியதற்குப் பிறகு சர்க்கரையால் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் எல்லாம் புகை மூடியது போலத்தான். இந்தக் கழியில் பறவை எண்ணுவது பல வருடமாக அவர் வேலை. விமலா டீச்சர் என்று ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், வருடத்துக்கு ஒரு காலை ஆட்களோடு வந்து ஏரியெங்கும் எண்ணுவார். ஆளுக்கு ஒரு பகுதி. இந்தத் திட்டு தேசப்பனுக்கு. கண் போனதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை.

“சொன்னா இந்தக் கழிய வுட்டுடுவாங்க. அவங்களுக்கே ஆளு பத்தல. இங்க பறவையே வர்றதில்ல, மண்ணு கொட்டலாம்னு கொட்றவன் கவர்மெண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கான். இல்ல, வருதுன்னு சொல்றதுக்கு இந்தக் கணக்கு ஒண்ணுதான் இருக்குது. உனக்கு இழை எண்ற கண்ணு. எனக்கு அந்தக் கண்ண ஒரு காலைக்குக் கடன் குடு.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

ஞாயிறு காலை ஆறு மணிக்கு டீச்சரும் ஐந்து பேரும் வந்தார்கள். என்னை “நம்ம சொந்தக்காரரு, வேடிக்கை பாக்க வந்தாரு” என்று தேசப்பன் சொன்னார். டீச்சர் கை கூப்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் வடக்கே போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் தேசப்பனின் படகில் தெற்கே போனோம். அவர் கோலை ஊன்றித் தள்ளினார். கண் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கோலே அவருக்குச் சொன்னது.

ஆறு நாற்பதுக்குத் திட்டு தெரிந்தது. நான் பூநாரையை அதற்குமுன் பார்த்ததில்லை. தூரத்தில் வெள்ளையாகத்தான் இருந்தன. வெயில் பட்டதும் ரோஜா நிறம் மெல்ல ஏறியது. சாயத் தொட்டியில் முதல் முக்கில் பட்டுக்கு ஏறுமே, அந்த அளவு நிறம். குச்சிக் கால்களில் வரிசை வரிசையாக நின்று, தலையைக் கவிழ்த்து, சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தன. வாத்துச் சத்தம் போல இடைவிடாத முணுமுணுப்பு. தேசப்பன் கோலைப் பிடித்தபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எண்ணு. ஜாக்கிரதை. கிட்ட போனா பறந்துடும்.”

இடமிருந்து வலம் ஒருமுறை எண்ணினேன். வலமிருந்து இடம் இன்னொரு முறை. இரண்டு முறையும் ஒரே எண் வந்தது. “நூத்திப் பதினாறு” என்றேன்.

அவர் காதை அந்தப் பக்கம் சாய்த்தார். “நல்லா பாத்தியா? சத்தம் அவ்ளோ இருக்குதே” என்றார்.

“ரெண்டு தபா எண்ணிட்டேங்க.”

“அப்போ சரி. உன் கண்ணு தப்பாது.”

எட்டே முக்காலுக்குக் கரையில் எல்லோரும் கூடினோம். டீக்கடை பெஞ்சில் டீச்சர் தாளை விரித்து எழுதினார். அவரவர் எண்ணியதை வாயால் சொல்லவேண்டும். தேசப்பன் “பூநாரை நூத்திப் பதினாறு” என்றார். டீச்சரின் பேனா நின்றது.

“அண்ணே, போன வருஷத்துல பாதிகூட இல்லையே. இத வெச்சிகினு நான் எப்படிப் பேசறது? பறவை போயிடுச்சின்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுமே. எப்படி எண்ணுனீங்க, கூட்டம் கூட்டமாவா, ஒண்ணொண்ணாவா?”

“ஒண்ணொண்ணாத்தாம்மா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறியில் அச்சு என்று ஒன்று உண்டு, சீப்பு போல. அதன் ஒவ்வொரு பல்லிலும் இரண்டு இழை போகும். பாவைச் சரிபார்க்கும்போது நாங்கள் இழையை எண்ணமாட்டோம், பல்லை எண்ணுவோம். நூறு என்றால் இருநூறு இழை என்று கேட்கிறவருக்கும் தெரியும். முப்பது வருடமாக என் கண் இரண்டிரண்டாகத்தான் சேர்த்துப் பார்க்கிறது. அன்று காலையும் அப்படியே பார்த்திருக்கிறது. நான் சொன்னது ஜோடிக் கணக்கு.

டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தேன். தேசப்பன் எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தார். டீச்சர் எண்ணை எழுதப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். நான் எழுந்து நின்றேன்.

“அது ரெட்டைங்க. நான்தாங்க எண்ணுனது. ரெண்டு ரெண்டா எண்ணிட்டேங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீங்களா? அப்போ தேசப்பண்ணன்?” என்று டீச்சர் கேட்டார். தேசப்பன்தான் மெதுவாகச் சொன்னார்: “எனக்குக் கண்ணு தெரியலம்மா.”

டீச்சர் கோபப்படவில்லை. பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். “பெருக்கி எழுத முடியாதுங்க. எண்ணுனவர் ஒருத்தர், சொன்னவர் ஒருத்தர்னு ஆனா மத்த தாளையும் நம்பமாட்டாங்க. தண்ணி ஏறுறதுக்குள்ள போய்ப் பாக்கலாம், வாங்க” என்று அவரே படகில் ஏறினார்.

எங்கள் தறியில் எண்ணிக்கை பிசகினால் பாவைத் தளர்த்தி, அச்சிலிருந்து உருவி, மறுபடி கோத்துக்கொள்ளலாம். அரை நாள் வீணாகும், அவ்வளவுதான். நாங்கள் போனபோது திட்டின்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. ஒரு பறவை இல்லை. வடக்கே வெகுதூரத்தில், மற்றவர்கள் எண்ணி முடித்துவிட்ட இடத்தில், வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. எது இங்கிருந்து போனது, எது முன்பே அங்கே இருந்தது என்று யாரால் சொல்லமுடியும்? தென்கரையில் லாரி மண் கொட்டியது. டீச்சர் தாளில் அந்தத் திட்டுக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். இந்த வருடம் அங்கே எண்ணவில்லை என்று அர்த்தம்.

கரை ஏறும்போது, “அண்ணே, அடுத்த வருஷம் நீங்க படகு மட்டும் தள்ளுங்க. எண்றதுக்கு நான் ஆள் அனுப்பறேன்” என்றார். தேசப்பன் “சரிம்மா” என்றார்.

மத்தியானம் எனக்கு மடவை மீன் குழம்பு வைத்துப் போட்டார். அவரும் சாப்பிட்டார். முள் எடுக்க விரல்களால் தடவித் தடவிப் பார்த்தார்.

இரண்டே கால் பேருந்துக்கு நிறுத்தம்வரை வந்தார். வண்டி புழுதியோடு தெரிந்தபோதுதான் வாய் திறந்தார்.

“நீ சொன்னது தப்பில்ல. பொய்க் கணக்கு போயிருந்தா அது பெரிய பாவம்.”

“மன்னிச்சிடுங்க.”

“ஆனா எழுந்து எங்கிட்ட வந்து காதுல சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருப்பேன். எத்தினி வருஷமா அந்தப் பெஞ்சில எங்கணக்க நாந்தான் சொல்றேன்.”

இரண்டு ஆள் தூரம்தான். அவர் பக்கம் போகவேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஏறி முன்பக்கம் சன்னலோரம் உட்கார்ந்தேன். நடத்துநர் விசில் அடித்தார். தேசப்பன் சிரித்த முகத்தோடு கை அசைத்தார். எனக்கு மூன்று சன்னல் பின்னால் பார்த்து அசைத்தார். நான் கையை வெளியே நீட்டினேன், அவருக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பின்சன்னலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், அவருக்குத் திருப்பிக் கை அசைத்தார்.